காக்கிச் சட்டைப் பையில் அணில்

மிக்கேல்ராஜால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட கோயிலுக்கு வெளியே நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பார். திண்டுக்கல்லிலிருந்து அம்பாத்துரை வழியாக நிலக்கோட்டை போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தபோது, "ஒனக்குன்னே செஞ்ச வேலை அப்பு" என்று சிரித்தார் டிரைவர் ராமர்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், காற்று பேயாய் அடித்தது. காந்திகிராமம் தாண்டி ஒரு புளியங்கிளை முறிந்து ரோட்டை மறித்துக் கிடந்தது. ஆட்கள் இறங்கி இழுத்துப் போட்டார்கள். கிளையோடு வந்த நார்க்கூட்டுக்குள் மூன்று அணில் குஞ்சுகள் கண் திறக்காமல், முடி முளைக்காமல், செக்கச்செவேலென்று நெளிந்தன. தாய் கிளைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"காக்காய்க்குத்தான்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள். மிக்கேல்ராஜ் விசிலை வாயில் வைத்தார். ஊத மனம் வரவில்லை. இறங்கிப் போய் மூன்றையும் கைக்குட்டையில் பொதிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் பசும்பாலைச் சங்கில் புகட்டினார். ஒன்று பால் மூக்கிலேறிச் செத்தது. இன்னொன்று வயிறு உப்பிச் செத்தது. மிச்சமிருந்த ஒன்றோடு மறுநாள் டூட்டிக்கு வந்து, ஏறியவர் இறங்கியவர் எல்லாரிடமும் அதைப் பிழைக்கவைக்க வழி கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்பாத்துரையில் ஏறிய ஆட்டுக்காரி அய்யம்மாள் சொன்னதுதான் பலித்தது.

"ஆட்டுப்பாலுல தண்ணி கலந்து பஞ்சுத் திரியில நனைச்சு வையி. குடிச்சு முடிச்சதும் ஈரத்துணியால அடிவயித்தத் தடவிவிடு. தாய் நக்கிக் குடுத்தாத்தான் அதுக்கு ஒண்ணுக்கு வரும்."

அந்த ஒன்று பிழைத்தது. அதோடு அவருடைய நிம்மதி போயிற்று. டிக்கெட் கிழிக்கும்போதே கை தானாகப் பையைத் தொட்டுப் பார்க்கும், மூச்சு இருக்கிறதா என்று. சில்லறை தப்பிப் போகும். சேதி பரவப் பரவ, ஓடு மாற்றிய வீட்டிலிருந்தும், தென்னை வெட்டிய தோப்பிலிருந்தும், பூனை வாயிலிருந்தும் குஞ்சுகள் வந்தன. பஸ்ஸை நிறுத்திக் கொட்டாங்கச்சியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மனைவி வியாகுலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு. அதுகளுக்குக் காய்ச்சல்னா இப்பிடி முழிச்சுக் கெடந்திருக்கீகளா?"

"அதுகளுக்கு நீ இருக்க. இதுகளுக்கு யாரு இருக்கா?"

அவள் வெஞ்சனச் சட்டியை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒருநாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஸ்தனிஸ்லாஸ் டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு வரும்போது, மிக்கேல்ராஜின் காலருக்கு மேலே ஒரு வால் ஆடியது. "என்னய்யா இது? இதுக்கு டிக்கெட் போட்டியா?"

"ராமர் ஓட்டுற வண்டில அணிலுக்கு எதுக்குங்க டிக்கெட்டு?" என்றார் முன்னாலிருந்து டிரைவர். பஸ்ஸே சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பாத்தேன், வேலை இருக்காது."

முதலில் பிழைத்த அணில் அதற்குள் கடலையைக் கொறித்துத் தின்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. இனி வைத்திருந்தால் ஆபத்து. காந்திகிராமத்துக்கு அப்பால் பயணி ஒருவர் இறங்கியபோது மிக்கேல்ராஜும் இறங்கி, அதை ஒரு புளியமரத்தில் விட்டார். இரண்டு முறை ஓடிவந்து தோளில் ஏறியது. மூன்றாவது முறைதான் மேலே போனது. போன உடனே ஒரு வல்லூறு வட்டமடிப்பதைக் கண்டார். கல்லைப் பொறுக்கி எறிந்தார். இன்னொரு கல்.

பொறுமையிழந்த யாரோ பஸ்ஸுக்குள்ளிருந்து விரலை மடக்கிச் சீட்டியடிக்க, கண்டக்டர்தான் விசில் கொடுத்துவிட்டார் என்று ராமர் வண்டியை எடுத்துவிட்டார். புழுதி கண்ணில் விழுந்த பிறகுதான் மிக்கேல்ராஜ் திரும்பிப் பார்த்தார். அப்போதும் உடனே ஓடவில்லை. ஒருமுறை மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஓடினார். கொடைரோட்டில் கண்டக்டர் இல்லாத பஸ்ஸை இன்ஸ்பெக்டர் பிடித்துவிட்டார். ஒரு வாரம் வேலையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு வாரமும் வீட்டுக்குள் கூண்டுப்புலி மாதிரி நடந்தார். வல்லூறு அதைத் தூக்கியதா இல்லையா? யாரைக் கேட்பது? முதலாளி வீட்டு வாசலில் நின்று கெஞ்சிவிட்டு ஒருநாள் திரும்பியபோது, வாசற்படியில் வியாகுலம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிழிந்த சேலைத்துணி, அதற்குள் புதிதாக ஒரு குஞ்சு. பேகம்பூர் முகமது பாரூக் பாய் கொண்டுவந்து கொடுத்தாராம்.

மிக்கேல்ராஜ் கையை நீட்டினார்.

"தள்ளிப் போங்க. நானே குடுக்குறேன். திரிய இம்புட்டுத் தடிசா உருட்டி வச்சா மூக்குல ஏறாம என்ன செய்யும்?"

அதிலிருந்து பகல் அவளுடையது, இரவு அவருடையது. வேலைக்குத் திரும்பிய பிறகு, இரண்டு நடைக்கு நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் பறந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பிழைத்தவையும் உண்டு, மண்ணுக்குள் போனவையும் உண்டு. ஒவ்வொரு சாவுக்கும் அன்றைக்கு அவர் சாப்பிடமாட்டார். வருஷங்கள் போயும் அது பழகவில்லை.

அறுபத்து நாலில் முதலாளி அவரை அழைத்து, செக்கிங் வேலை தருகிறேன், சம்பளமும் கூட, ஆனால் வாரத்தில் பாதி ராத்திரி வெளியூரில் தங்க வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவர், வீட்டில் மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாலு காசு கூட வந்தால் பெண்களுக்கு ஆகும் என்று அவள் சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தார்.

வியாகுலம்மாள் திரி உருட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்: "நீங்க அங்கிட்டுப் போயிட்டா ராத்திரி யாரு முழிக்கிறது?"

மறுநாள் அவர் பழைய விசிலோடு முதல் நடைக்குக் கிளம்பினார்.