பாடை போகும்போது மடையை அடைத்தவர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் உரக்கடையில் கொடுக்கிற சீட்டும் வங்கியில் போடுகிற கையெழுத்தும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் கடைசி இலை எது என்று பார்த்து உட்காருகிற ஆள். இப்படிப்பட்டவன் சினிமாவைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும், இப்போது எல்லோரும் அபிப்பிராயம் சொல்கிறார்கள். படம் முடிந்து செருப்பைத் தேடுகிறபோதே போனை நீட்டி, எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். பல வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த ஒரு அபிப்பிராயத்தை நான் ஒரே ஒரு தடவை வெளியே சொன்னேன். அதைச் சொன்ன நேரம் என் பெண்ணின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவாரூருக்குப் பக்கம். இங்கே வயல்காரர்கள் படம் பார்க்கிற விதம் படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் படங்களை எங்கள் ஊரில் ஓட்டியிருக்க மாட்டார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் கதிர் முற்றிய வயலுக்குள் கைகோத்து ஓடுவார்கள். மற்ற ஊர்களில் பாட்டைக் கேட்பார்கள். எங்கள் ஊரில், "பாவிங்களா, அறுக்கிற நேரத்துல மிதிக்கிறாங்களே" என்று ஒரு முனகல் எழும். ஒரே பாட்டில் இந்தப் பக்கம் நடவு நடக்கும், அந்தப் பக்கம் அறுப்பு நடக்கும். ஏர் ஓட்டிவிட்டு வருகிற கதாநாயகனின் வேட்டியில் சேறு ஒரு பொட்டுக்கூட இருக்காது. எனக்கு அதற்குமேல் கதை மனசில் ஏறாது. திரையின் நடுவில் யார் என்ன பேசினாலும் என் கண் பின்னால் இருக்கிற வயலுக்குப் போய்விடும்.

என் மனைவியின் கணக்கு வேறு. அவளுக்குப் படத்தில் வருகிற மாமியார்தான் முக்கியம். மாமியார் கடைசியில் திருந்திவிட்டால் படம் மோசம் என்பாள். நிஜத்தில் யாரும் அப்படித் திருந்துவதில்லையாம். என் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் இந்த அபிப்பிராயத்தைச் சமையலறையில் மட்டும் சொல்லுவாள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகப் பிடித்த படம் ஒன்று உண்டு. பழைய படம். பெயரைச் சொல்ல மாட்டேன், எடுத்தவர்களுக்குப் பிள்ளை குட்டிகள் இருப்பார்கள். கும்பகோணம் பக்கத்தில் எங்கேயோ எடுத்தது. நாட்டில் எல்லோரும் அழுத படம். அதைத்தான் நாங்கள் சிரிப்பதற்காகப் பார்ப்போம்.

காரணம் கடைசிக் காட்சி. ஊருக்காக உயிரை விட்ட கதாநாயகனைப் பாடையில் வைத்து வாய்க்கால் கரையோடு தூக்கிப் போவார்கள். ஊர் சனம் முழுக்க வரப்பில் தலை குனிந்து நிற்கும். அம்மாவாக நடித்தவர் மாரில் அடித்துக்கொண்டு அழுவார். இடது ஓரத்தில், முண்டாசு கட்டிய ஒல்லிப் பையன் ஒருவனும் அழுதபடி தலை குனிந்துதான் நிற்பான். திடீரென்று அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பான். அப்புறம் குனிந்து, ரெண்டு கையாலும் சேற்றை அள்ளி, வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்கிற மடையை அடைப்பான். காலால் ஒரு மிதி. மறுபடி நிமிர்ந்து, கையை முண்டாசில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அழுவான். பாடை அவனைத் தாண்டிப் போகும்.

முதல் தடவை இதைக் கவனித்தது நான்தான். அதன் பிறகு தொலைக்காட்சியில் அந்தப் படம் எப்போது போட்டாலும், அந்த இடத்துக்கு வீட்டில் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவோம். அடுப்பை அணைத்துவிட்டு என் மனைவி வருவாள். பெண் பாடப் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு வருவாள். சிரித்து முடித்ததும் சண்டை ஆரம்பிக்கும். என் கட்சி, அவன் நல்ல பையன், அவன் வயலுக்குத் தண்ணீர் போதும், அதனால் அடைக்கிறான் என்பது. என் மனைவி ஒப்புக்கொள்ளவே மாட்டாள். சொந்த வயலை அடைக்கிறவன் எதற்கு ரெண்டு பக்கமும் பார்க்கிறான் என்று கேட்பாள். மேலே இருக்கிறவன் மடையை அடைத்தால்தான் கீழே இருக்கிற தன் வயலுக்குத் தண்ணீர் ஓடும், அவன் திருடன் என்பாள். பெண் சின்ன வயசிலேயே அவனுக்குத் தண்ணித் திருடன் என்று பெயர் வைத்துவிட்டாள். வீட்டில் கடைசி முறுக்கு காணாமல் போனால்கூட "தண்ணித் திருடன் வந்துட்டுப் போனானா?" என்றுதான் கேட்போம்.

பெண் வளர்ந்தாள். தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். வந்த இடமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போனது. ஒரு இடத்தில் ஜாதகம், ஒரு இடத்தில் எங்கள் வீட்டுக்குக் கார் வர வழியில்லை என்பது. அவளும் எதிலும் மனசு வைக்காமல் இருந்தாள். கும்பகோணம் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையனும் இவளும் ஒரு மாதம் போல போனில் பேசினார்கள். ஒரு நாள் அவளாகவே என்னிடம் வந்து, "அப்பா, இது சரியா வரும்னு தோணுது" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை. இந்த இடமும் தட்டிப்போய்விடக் கூடாதே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர்கள் வருகிற அன்று என் மனைவி எனக்கு ஒரே ஒரு உத்தரவு போட்டாள். வழக்கம்போல வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாளாம். நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

பையன், அவன் அப்பா, அம்மா மூன்று பேரும் காரில் வந்தார்கள். தெருமுனையில் காரை விட்டுவிட்டு நடந்தே வந்தார்கள். அம்மாவின் கையில் மல்லிகைப்பூ கட்டிய வாழையிலைப் பொட்டலம் இருந்தது. பிடித்திருந்தால் அன்றைக்கே பெண் தலையில் பூ வைத்துவிட்டுப் போவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். அப்பா நல்ல உயரம், வெள்ளை மீசை, கனத்த குரல். அசோகா அல்வாவை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பேச்சுவாக்கில் பையன், அவன் அப்பா ஒரு படத்தில் நடித்திருக்கிறார் என்றான். அவர் கொஞ்சம் கூச்சப்படுகிற மாதிரி இருந்துவிட்டு, படத்தின் பெயரைச் சொன்னார்.

நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போதும் எனக்குப் பயமில்லை. அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர் நின்றார்கள். அவர் போனை எடுத்துப் பையனிடம் கொடுத்தார். பையன் அதை எங்கள் டிவியில் வருகிற மாதிரி செய்தான். கடைசிக் காட்சிக்குத் தள்ளினான். பாடை வந்தது.

"இடது ஓரம் பாருங்க" என்றார் அவர். "முண்டாசு கட்டிக்கிட்டு."

தட்டோடு வந்த என் பெண் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அதே முண்டாசுக்காரன் அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். பல வருஷமாக அந்த இடத்தில் சிரித்துப் பழகிய மூன்று பேர் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் தரையில் இருந்த எறும்பைப் பார்த்தேன். என் பெண் தட்டோடு திரும்பி உள்ளே போனாள். உள்ளே டம்ளர்கள் கலகலவென்று ஆடின. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, தோள் குலுங்கியது.

அதைப் பார்த்து அவர் உருகிப்போனார். அந்தக் காட்சியை நிறுத்திப் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராம். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட இப்படி அழுததில்லையாம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே. எப்படி இருந்துச்சு?"

நான் தலையாட்டியிருக்கலாம். நல்லா இருந்துச்சுங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷச் சண்டைக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள், என் வீட்டு நாற்காலியில், அசோகா சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறார். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அது யாரு வயலுங்க?"

வேறு ஊரில் இது சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். இங்கே ஒருவன் மடையில் கை வைத்ததைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டால், நீ திருடனா என்று கேட்பதாகத்தான் பொருள். என் மனைவியின் அழுகை நின்றுவிட்டது.

"எங்க வயல்தான்" என்றார் அவர்.

அதுவரை பேசாமல் இருந்த அவர் மனைவி பூப்பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க வயல் அதுக்குக் கீழல்ல இருக்கு?" என்றார். "நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்குறேன். ஒரு தடவையும் நேராப் பதில் சொன்னதில்ல."

அவர் எழுந்துவிட்டார். பெண் கொடுக்கிற வீட்டில் உட்கார வைத்து வாய்க்கால் பஞ்சாயத்தா என்று கேட்டார். நல்ல நேரம் முடிவதற்குள் பூவையாவது வைத்துவிடலாம் என்று அந்த அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "கெளம்பு" என்றார் அவர். பையன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அப்பா பின்னாலேயே போனான். பூவும் பொட்டலத்தோடு வெளியே போனது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது. உள்ளே எட்டிப் பார்த்தேன். என் பெண் காபித் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சிரிப்பு போயிருந்தது. "போய்ப் பேசுங்கப்பா" என்றாள்.

நான் ஓடினேன். பையனும் அம்மாவும் காரில் ஏறியிருந்தார்கள். அவர் மட்டும் காருக்குப் பின்னால், வாய்க்கால் மதகைப் பார்த்தபடி வெளியே நின்றார். தப்பா நெனச்சுக்காதீங்க என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"படம் உங்களுக்குப் புடிக்குமா புடிக்காதா? உண்மையச் சொல்லுங்க."

எனக்குப் பொய் சொல்ல வந்திருந்தால் எவ்வளவோ முன்னேறியிருப்பேன். "உங்களத்தாங்க புடிக்கும்" என்றேன். "நீங்க வர்ற வரைக்கும் படத்தப் பொறுத்துக்குவேன்."

"பொறுத்துக்கணுமா?"

"இடைவேளைக்கு அப்புறம் கதாநாயகன் ரொம்ப இருமுறாருங்க. அந்த ரெண்டாவது பாட்டுல சம்பாப் பயிர மாட்டுவண்டி மிதிச்சுக்கிட்டே போவுது. எனக்கு அதுலயே மனசு விட்டுப்போயிடும். எல்லாரும் அழுவுறப்ப நீங்க ஒருத்தர்தான் தண்ணியப் பாத்தீங்க. அத நான் எப்பவும் வீட்டுல சொல்லுவேன்."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு காருக்குள் பார்த்துவிட்டு, குரலை நன்றாகத் தாழ்த்தினார். அந்த ரெண்டாவது பாட்டு அவருக்கும் பிடிக்காதாம். வண்டி மிதித்தது அவருடைய மாமா வயலாம்.

"அந்த மடை எங்க சித்தப்பா வயலுக்குப் போறதுங்க. அன்னிக்குத் தண்ணி முறை எங்களுது. ஷூட்டிங் கூட்டத்துல யாரு பாக்கப் போறாங்கன்னு அவரு தொறந்து விட்டுட்டாரு. நான் அழுதுகிட்டே பாக்குறேன், எங்க தண்ணி ஓடுது. எப்படிங்க நிக்கிறது?"

அது நியாயம்தானே, இதை வீட்டில் சொல்ல என்ன தடை என்று கேட்டேன்.

"அவருதாங்க எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாரு. என் பொண்டாட்டிக்கு அவருன்னா சாமி. இன்னும் நல்லா இருக்காரு. கல்யாணத்துக்கு முன்வரிசையில வந்து உக்காருவாரு. நீங்க வாயத் தொறந்துடாதீங்க."

எந்தக் கல்யாணம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்தேன். என்ன சொன்னார் என்று என் மனைவி கேட்டாள். படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பெண் மட்டும் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஆறிப்போன காபியைக் கொண்டு வந்து கொடுத்தாள். மடையின் விஷயம் என் மனைவிக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது. அந்தச் சித்தப்பா கல்யாணத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். இதெல்லாம் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை என்று விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவர்கள் கோபித்துக்கொண்டு போன மறுநாள் காலையிலேயே பையனின் அம்மா போன் செய்தார். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகச் சொன்னார். நான் உரம் வாங்கப் போனேன். கடை சாத்தியிருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.