கன்னியப்பன் வைத்த பித்தளைத் தகடு

கன்னியப்பன் அவர்கள் இறந்த செய்தியைப் பெருநகர் என்ற ஊரிலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். "உங்க ரைபிள் கிளப்பு கன்னியப்பன் காலையில தவறிட்டாரே, தெரியாதா சார்?" என்றார். தெரியாது. கிளப்பிலிருந்து எனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அது எனக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இறங்கி நேரே அவர் வீட்டுக்கு நடந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். கன்னியப்பன் உத்திரமேரூரில் பம்புசெட் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். லேத்து ஒன்று, வேலையாட்கள் இருவர். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எங்கள் ரைபிள் கிளப்பில் எட்டு ஆண்டுகள், கடைசிவரை, செயலாளராக இருந்தார்.

அவர் கிளப்புக்குள் வந்தது உறுப்பினராக அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் கிளப் துப்பாக்கி ஒன்றில் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டு சிக்கிக்கொண்டது; சரி செய்ய அவரை அழைத்து வந்தார்கள். ஏரி வற்றும் மாதங்களில் ஏரிக்குள்ளேயே, கரையின் மண்ணைப் பார்த்துச் சுடுவது எங்கள் வழக்கம். அங்கேயே சாக்கு விரித்து உட்கார்ந்து போல்ட்டைச் சரி செய்தார். "சரியாச்சான்னு நானே ஒண்ணு சுட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டார். தலைவர் ஐந்து தோட்டாக்கள் எடுத்துக் கொடுத்தார். அட்டையில் ஐந்து ஓட்டைகளும் ஒரு நாலணா நாணயத்துக்குள் அடங்கின. அடுத்த மாதம் அவர் உறுப்பினர். மூன்றாம் ஆண்டு செயலாளர்.

அந்தத் தேர்தலில் எதிர்த்து நின்று தோற்றவன் நான். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவனை விட்டுவிட்டு ஒரு மெக்கானிக்கைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அவரிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அவரோ ஒவ்வொரு ஞாயிறும் "வாங்க வாத்தியாரே" என்று முதல் ஆளாக எனக்குச் சாக்கு விரித்துக் கொடுப்பார்.

நாற்பத்திரண்டாம் வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. குறி பார்க்கக் கண்ணருகே இருக்கும் துப்பாக்கியின் பின்குறி மங்கியது. மாநிலப் போட்டிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து இருவரை அனுப்புவார்கள். செங்கல்பட்டு டாக்டர் ஒருவருக்கு ஓரிடம் உறுதி. மீதமிருந்த இடத்துக்கான தேர்வில் கன்னியப்பனும் நானும் போட்டி. நூறு கஜப் பிரிவில் தொலைநோக்கி பொருத்திச் சுட அனுமதி இருந்ததால், மைத்துனரிடம் சொல்லி சிங்கப்பூரிலிருந்து ஒன்று வரவழைத்தேன். அந்த ஆண்டு விட்டால் எனக்கு அடுத்த வாய்ப்பு இல்லை என்பது எனக்கும் தெரியும், என்னைக் கழற்றிவிடக் காத்திருந்தவர்களுக்கும் தெரியும்.

முன்னும் பின்னும் இரண்டு தாங்கிகள் வைத்துத் துப்பாக்கியின் முதுகில் நானே அதைப் பொருத்தினேன். குண்டு இலக்குக்கு மிகவும் கீழே போய் விழுந்தது. தொலைநோக்கியின் மேல் குண்டை உயர்த்துவதற்கென்று ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் திருகு முட்டி நின்றுவிட்டது. குண்டு இன்னும் ஒன்பது அங்குலம் கீழே.

"இன்னா வாத்தியாரே, திருகு முட்டிக்கிச்சா?" என்றார் பக்கத்துச் சாக்கிலிருந்து கன்னியப்பன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு தபா திருவுனீங்க. ஒம்போதாவது தபா துப்பாக்கிய மொறச்சீங்க."

"நான் பாத்துக்கிறேன், செகரட்டரி சார்."

பார்த்துக்கொண்டேன். குண்டு மேலே போக வேண்டுமென்றால் தொலைநோக்கியின் முன்பக்கத்தை உயர்த்த வேண்டும் என்று முடிவு செய்தேன். முன் தாங்கிக்கு அடியில் சவர பிளேடு இரண்டைத் துண்டாக்கி வைத்து இறுக்கினேன். அடுத்த ஞாயிறு ஒன்பது அங்குலம் பதினைந்து ஆயிற்று. தோட்டாக்கள் இலக்கு அட்டையில் படாமல் அதற்குக் கீழே மண்ணைக் கிளப்பின. பின்னால் யாரோ சிரித்தார்கள். யார் என்று இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. சிரித்தவர் கன்னியப்பன் அல்ல.

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"வாத்தியாரே, குண்டு இன்னா டெலஸ்கோப்பு வழியாவா போவுது?"

"கிண்டல் வேணாம்."

"கிண்டல் இல்ல சார். நீங்க டெலஸ்கோப்பு மூக்கத் தூக்கிட்டீங்க. அது வானத்தப் பாக்குது. அத அட்டைக்குக் கொண்டாரணும்னா துப்பாக்கிய மொத்தமா எறக்கணும். குழா தரையப் பாக்குது. வாலத் தூக்குங்க. டெலஸ்கோப்பு தல குனியும். அத நிமுத்தசொல்லோ குழாயும் சேந்து நிமுந்துக்கும்."

பல ஆண்டுகளாக நெம்புகோலும் கோணமும் நடத்தியவனுக்கு அது ஒரு நொடியில் விளங்கியது. விளங்கியதுதான் வலித்தது.

"தேர்வு வர்ற ஞாயித்துக்கெழம. இப்பவே பட்டறைக்கு வாங்க" என்றார்.

பட்டறையில் அவர் வேலை செய்த விதத்தை எழுதாமல் இருக்க முடியாது. முதலில் என் பிளேடுகளை எடுத்துத் தனியே வைத்தார். திருகுகளையும் தாங்கிகளையும் பெட்ரோலில் கழுவி எண்ணெய்ப் பசை போகத் துடைத்தார். எஞ்சின் வால்வு இடைவெளி பார்க்கும் தகடுகளை விசிறி போல விரித்து, ஒவ்வொன்றாகப் பின் தாங்கிக்கு அடியில் செருகிப் பார்த்தார். அந்தத் தகடுகளின் கனத்தைத் 'தௌ' கணக்கில் சொல்வார்கள்; ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"ஒம்போது அங்குலத்துக்குப் பன்னண்டு தௌ போதும். இருவதா வெச்சிடலாம். திருகு ஒரு ஓரமா முட்டிக்கினு நிக்கக்கூடாது. நடுவுல வந்து நின்னாத்தான் மேலயும் கீழயும் எடம் இருக்கும்."

பித்தளைத் தகட்டிலிருந்து தாங்கியின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பிசிறு போக ராவி அடியில் வைத்தார். எஞ்சின் ஹெட்டை இறுக்குவது போலத் திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி குப்பம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வைத்துக்கொண்டே கேட்டார்: "எடம் ஒண்ணுதான கீது? நீ போவ வேணாமா?"

"அவரு டெலஸ்கோப்பு கோணிக்கினு நான் போனா, நான் ஜெயிச்சேன்னு எப்படிச் சொல்றது? டெலஸ்கோப்பு தோத்துச்சுன்னுதான் சொல்லணும்" என்றார் அவர், திருப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தேர்வில் நான் இரண்டு புள்ளிகள் கூடுதலாகப் பெற்றேன். மாநிலப் போட்டிக்கு நான் போனேன். அவர் போகவில்லை. "ரெண்டு பாயிண்டு. நல்லா சுட்டீங்க" என்று கை கொடுத்தார். நான் நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். அந்த ஆண்டுக் கூட்டத்தில் தொலைநோக்கி பொருத்துவது பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். கரும்பலகையில் படம் போட்டு, பின் தாங்கியை உயர்த்த வேண்டிய காரணத்தைக் கோணக் கணக்கோடு விளக்கினேன், நானே கண்டறிந்தது போல. முன்வரிசையில் கன்னியப்பன். பேசி முடித்ததும் எழுந்தார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வாத்தியாரே, இன்னொரு தபா சொல்லுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கும் புரியட்டும்" என்றார். மறுபடி சொன்னேன். அவர்தான் முதலில் கைதட்டினார். அதில் ஏளனம் இருந்ததா என்று பல ஆண்டுகள் எனக்குள்ளே தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு கிளப் நொடித்தது. பணக்கார உறுப்பினர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். அனுமதியைப் புதுப்பிக்கத் தாலுகா அலுவலகத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்தவர் அவர் ஒருவரே. போன ஆண்டு காஞ்சிபுரத்திலிருந்து கல்லூரிப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். நான் ஆட்சேபித்தேன். "சுடத் தெரியாதவங்களத்தான சேத்துக்கணும் சார், தெரிஞ்சவங்களுக்கு எதுக்குக் கிளப்பு?" என்றார். நெஞ்சுவலி அதற்கு முன்பே அவருக்கு வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று பட்டறை வாசலில் இரங்கல் கூட்டம். என்னையும் பேசச் சொன்னார்கள். பிளேடு வைத்ததையும், பித்தளைத் தகட்டையும், கரும்பலகையில் சொன்ன பொய்யையும் உள்ளபடி சொன்னேன். சொல்லி முடித்து, யாரையும் பார்க்க முடியாமல் நின்றேன்.

பின்னாலிருந்து பட்டறை ஆள் முனுசாமி எழுந்தார். "அது எங்க எல்லாத்துக்கும் அப்பவே தெரியும் சார். தகடு வெட்டசொல்லோ நானும் கூடத்தான இருந்தேன்."

"தெரிஞ்சுமா யாரும் கேக்கல?"

"அவருதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு. 'வாத்தியாரு நம்மள விட நல்லா சொல்றாரு, நாலு பேருக்குப் புரியுது. யாரு சொன்னா இன்னா, குண்டு மேல வந்தா சரி'ன்னாரு."

யாரும் சிரிக்கவில்லை. குப்பம்மாள் எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அந்தக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, "சார், ஞாயிற்றுக்கிழமை பயிற்சி இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அடுத்த செயலாளர் வரும்வரை அனுமதித் தாளில் கையெழுத்துப் போடுவது நான்தான். சாக்கும் நானே விரிப்பேன்.

கன்னியப்பன் என்றால் என் கண்ணில் நிற்கும் காட்சி இது: தோற்ற அந்தக் காலையில் ஏரி மண் சட்டை முழுவதும் ஒட்டியிருக்க, தன் அட்டையைக்கூடப் பார்க்காமல், என் அட்டையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, அதன் ஓட்டைகள் வழியே வரும் வெளிச்சத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணி முடித்துத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அன்று சொல்லாத நன்றியை இன்று சொல்கிறேன், ஐயா. நிம்மதியாகப் போங்கள். கிளப் நடக்கும்.