படித்துக் காட்டும் வேலை

நீதிமன்றத்தில் அவளுக்குத் 'தந்தி அக்கா' என்று பெயர். சாட்சி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து, அவர் கையெழுத்துப் போடுமுன் அவருக்கே படித்துக் காட்டுவது அவள் வேலை. ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் கடகடவென்று படித்துத் தள்ளுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாட்சியத்தை உருக்கமாகப் படித்து, "அம்மா, இது நாடகமில்ல" என்று நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து வந்த பழக்கம் அது.

பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் அவள் மேடையேறினால் மற்ற பிள்ளைகளின் முகம் தொங்கிப்போகும். அதெல்லாம் ஒரு காலம். இப்போது வீட்டில் செய்தித்தாளைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்தாலே, "எனக்கும் கண்ணு தெரியும்" என்பார் கணவர். பதினெட்டு வருஷமாக அவள் குரலைக் கேட்டவர்கள் எல்லாரும், எப்போது முடிப்பாள் என்றுதான் காத்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, விபத்து வழக்கில் தையற்காரர் ஒருவர் கூண்டேறினார். வேன் மோதி மனைவியைப் பறிகொடுத்தவர். வக்கீல் கேட்டதற்கெல்லாம் துண்டு துண்டாகப் பதில் சொன்னார். அவள் வழக்கம்போலப் படித்தாள்.

"என் மனைவி ஊசி வாங்கக் கடைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, கறுப்பு நூலும் வேண்டுமா என்று கேட்டாள். நான் தலை நிமிராமல் வேண்டாம் என்றேன்..."

முடித்துப் பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இன்னொரு தடவ படிங்கம்மா."

"ஏதாவது தப்பா இருக்குங்களா?"

"தப்பில்ல. நீங்க படிக்கறப்ப அவ வாசல்ல வந்து நிக்கறா. நான் பாக்கறதுக்குள்ள போயிடறா. கொஞ்சம் மெதுவா..."

அவள் நீதிபதியைப் பார்த்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

அவள் படித்தாள். 'கறுப்பு நூலும் வேண்டுமா' என்ற இடத்தில் குரல் தானாக நின்றது, வாசலில் ஒருத்தி பதிலுக்குக் காத்து நிற்கும் நேரம் அளவுக்கு. தையற்காரர் கண்ணை மூடிக்கொண்டார். காகிதம் புரட்டிக்கொண்டிருந்த வக்கீலின் கை அப்படியே நின்றது. முடிந்ததும் தையற்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வழக்கு அடுத்த மாதமே சமரசமாகிவிட்டது. அவர் மறுபடி வரவேண்டிய வேலை இருக்கவில்லை. அவளும் பழைய வேகத்துக்கே திரும்பினாள். கோப்புகள் மலையாகக் கிடந்தன. ஆனால் ஒவ்வொரு சாட்சிக்கும் பேனாவை நீட்டும்போது ஒரு கணம் தாமதித்தாள். யாரும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லவில்லை.

தையற்காரரின் கடை விலாசம் கோப்பில் இருந்தது. ஒரு சனிக்கிழமை, தைக்க ஒரு துணியும் இல்லாமல், அந்தக் கடைக்கு எதிர்ப்புறம்வரை போய்விட்டாள். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போய் என்ன சொல்வது? படித்துக் காட்ட வந்தேன் என்றா? வாயில் அந்த வரிகள் வரிசையாக வந்து நின்றன. ஒரு பேருந்து கடந்து போகும்வரை நின்று பார்த்தாள். அப்புறம் வந்த வழியே நடந்தாள்.