சைக்கிளுக்கு ஓர் இரும்புத் தொப்பி

“…சிரிக்கிறவுக சிரிச்சிட்டுப் போகட்டும். நாளைக்கு ஒங்க தலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சிரிச்சவுகளா வந்து எம்பிள்ளைக்கு அப்பனா இருக்கப் போறாக?” என்று என் மனைவி கேட்டபோது அவளுக்கு ஆறாம் மாதம். எங்கள் இருவருக்கும் நடுவே தரையில் ஒரு பட்டாளத்து இரும்புத் தொப்பி கவிழ்ந்து கிடந்தது.

சங்கதி இதுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஆமத்தூரிலிருந்து நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குத் தினமும் சைக்கிளில் போய் வந்தேன். ஒருநாள் சாயங்காலம் நாய் ஒன்று குறுக்கே ஓட, நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். மண்டையில் ஆறு தையல். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு தடவை எனக்குச் சொல்லிவிட்டார்கள். தையல் பிரித்த அன்றே அவள் மல்லாங்கிணற்றுக்கு, தன் பிறந்த வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். அவளுடைய அண்ணன் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த தொப்பி அங்கே மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அளந்துகொண்டிருந்தது. அதை வரவழைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, அறுந்திருந்த தோல்வாருக்குப் பதிலாகக் கனத்த நாடா தைத்து வைத்திருந்தாள். இதை மாட்டினால் சைக்கிள் வெளியே போகும், இல்லாவிட்டால் போகாது.

சைக்கிள் இல்லாவிட்டால் வேலை இல்லை. இருந்தாலும் இரண்டு நாள் யோசித்தேன். உயிரைவிடப் பெரியது ஒன்று உண்டென்றால் அது டீக்கடை பெஞ்சுதான் என்று நம்பிய வயது அது.

மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். டீக்கடையில் சண்டை எங்கன நடக்கு என்று விசாரித்தார்கள். இன்னொருவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். வெடிமருந்து அறைப் பக்கம் ஓர் இரும்புத் துண்டுகூடப் போகக் கூடாது, உரசினால் பொறி. தொப்பியைச் சைக்கிள் கைப்பிடியிலேயே தொங்கவிட்டு உள்ளே போனேன். எனக்கு முந்தி சேதி போயிருந்தது. திரி சுற்றுகிற அக்கா ஒருத்தி தலையைத் தூக்காமலே, “உள்ள இருக்க மருந்துக்குப் பயப்படல, ரோட்டுல போற நாய்க்குப் பயப்படுதாக” என்றாள். அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேலியெல்லாம் நாலு நாளில் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. எங்கள் பக்கம் பெரியவர்கள் எதிரே வந்தால் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட வேண்டும். சைக்கிள் வந்த பிறகு, இறங்காவிட்டாலும் பரவாயில்லை, துண்டையாவது எடுத்தானே என்று ஒரு சலுகை கொடுத்திருந்தார்கள். துண்டை எடுக்க ஒரு கை போதும். இந்தத் தொப்பிக்கோ தாடைக்குக் கீழே முடிச்சு. அதனால் பெரியவர் யாராவது தூரத்தில் தெரிந்தால் அங்கேயே இறங்கி, முடிச்சை அவிழ்த்து, தொப்பியைக் கையில் பிடித்து, அவர் கடந்து போனதும் மறுபடி கட்டிக்கொண்டு ஏறுவேன். எங்கள் ஊரில் பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. தெருவைத் தாண்டுவதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது, ஆமத்தூருக்குப் பிரிகிற விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திடீரென்று என் முன்னால் நின்றார் என் மாமனார். மகளைப் பார்க்க வந்திருக்கிறார். இறங்குவதற்கு நேரமில்லை. மாமனார் முன்னால் தலையில் தொப்பியோடு போவதா? இரண்டு கையையும் விட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். முடிச்சு அவிழ்ந்தது, தொப்பி கைக்கு வந்தது, சைக்கிள் பள்ளத்துக்குப் போனது.

பழைய தையலுக்குத் துணையாக மறுபக்கம் ஒரு வீக்கம். முழங்கையில் தோல் இல்லை. மாமனார்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“விழும்போது தொப்பி தலையில இருந்துச்சா, கையில இருந்துச்சா?”

“கையில.”

மாமனார் எனக்குப் பரிந்து வந்தார். “அவரக் கோவிக்காத தாயி. என்னயப் பாத்துத்தான கழட்டுனாரு. மருவாதி தெரிஞ்ச பிள்ளை.”

அவள் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டாள். கை கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழுந்தது.

திங்கட்கிழமை காலை நான் சைக்கிளை எடுத்தபோது அவளே தொப்பியை எடுத்து வந்து என் தலையில் வைத்தாள். நாடாவை இழுத்துத் தாடைக்குக் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்தாலும் அவிழாத முடிச்சு. பல் துலக்கிக்கொண்டிருந்த தன் அப்பாவிடம் திரும்பி, “ஐயா, இனிமே இவுக யாரக் கண்டாலும் இதக் கழட்ட மாட்டாக. கொறையா நெனைக்காதீக” என்றாள். அவர் வாயில் வேப்பங்குச்சியோடு தலையை ஆட்டினார்.

பிறகு வயிற்றைத் தாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தாள். பெரியவர் இருக்கிற வாசல் ஒவ்வொன்றிலும் நின்று அதையே சொன்னாள், ஒரு வாசல் விடாமல்.