குங்குமம் வைத்த கதைகள்

திருவள்ளூரில் எங்கள் தெருவுக்கு வரும் தபால்களிலேயே அழகான கையெழுத்து மாமாவுடையதுதான். வேடிக்கை என்னவென்றால், அவை மாமா தனக்கே விலாசம் எழுதிக்கொண்டவை. பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறவர்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவதற்காகச் சொந்த விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டிய உறை ஒன்றைக் கூடவே வைக்க வேண்டும். அடிவாங்கப் போகிறவனே பிரம்பும் வாங்கிக்கொண்டு போகிற மாதிரியான ஏற்பாடு அது. மாமா அந்த உறையில் தன் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் எழுதுவது போல அவ்வளவு நிதானமாக எழுதுவார்.

மாமா அம்மாவின் தம்பி. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். காக்களூர் பக்கம் நைனா வேலை பார்த்த லேத் பட்டறையிலேயே மாமாவும் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தார். வேலை முடிந்து வந்ததும் மண்ணெண்ணெய் தொட்டு விரல் விரலாகத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காகிதத்தைத் தொடுவார். நைனாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "கத எழுதி இன்னா கிழிக்கப் போறான்" என்பார். அதையும் மாமா காதில் விழாமல்தான் சொல்வார்.

அது எழுபதுகளின் தொடக்கம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் மாமா ஒரே கதையைத் திருத்தித் திருத்தி எழுதினார். முடித்ததும் எங்களுக்குப் படித்துக் காட்டினார். அம்மா அழுதுவிட்டாள். அம்மாவே அழுதுவிட்டபின் பத்திரிகைக்காரர்கள் எம்மாத்திரம் என்று நாங்கள் இருந்தோம். கதை திரும்பி வந்தது. மாமா உறையைப் பிரித்து, உள்ளே இருந்த சின்ன அச்சடித்த சீட்டைப் படித்தார். சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பொழுது சாயும் நேரத்தில், கோயில் குளத்துப் படியில் மாமாவின் செருப்பு மட்டும் இருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். அம்மா ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். படியில் அந்தச் செருப்புகள் ஜோடியாக, ஒன்றையொன்று தொட்டபடி இருந்தன. வீட்டில் ஒன்றை வாசலிலும் இன்னொன்றை முற்றத்திலும் விடுகிறவர் மாமா. அந்த ஒழுங்கைப் பார்த்ததும்தான் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். யாரோ ஒருவர் சட்டையைக் கழற்றிக் குளத்தில் குதிக்கத் தயாரானபோது, மண்டபத்துக்குப் பின்னாலிருந்து மாமா வந்தார். மார்புவரை நனைந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"வழுக்கி வுட்டுச்சி" என்றார்.

கூட்டம் திட்டிவிட்டுக் கலைந்தது. வீடுவரை அம்மா மாமாவின் சட்டையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டே வந்தாள். அம்மாவின் சித்தப்பா ஒருவர் ஏதோ ஓர் அவமானத்துக்காகக் கிணற்றில் இறங்கியவர். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"இனிமே அந்தக் கவரு எதுவும் உங்க மாமா கைக்குப் போவக் கூடாது. தெரிஞ்சா அவன் உசுரோட இருக்க மாட்டான். புரிதா?"

புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே மாமா எங்கே இருக்கிறார் என்று பார்ப்பேன். மாமாவின் உயிர் காக்கி நிற உறைக்குள் இருப்பதாகவும், யாராவது பிரித்தால் அது போய்விடும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அம்மா தபால்காரரிடம் பேசி வைத்தாள். "அவரு எழுத்து அவருக்கே வருது, நான் இன்னாம்மா பண்றது" என்று அவர் முதலில் தயங்கினார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார். மாமா பட்டறைக்குப் போனபிறகு வரும் உறைகளை அம்மா வாங்கி வைப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் சீட்டைப் படிக்க வேண்டும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"தங்கள் கதையை வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்."

"வருத்தப்படுறாங்களா? பாவம், நல்லவங்கதான்" என்பாள் அம்மா.

எழுத்தை எரிக்கக் கூடாது, எறியவும் கூடாது, அது சரஸ்வதி என்பது அம்மாவின் கட்சி. ஆகவே பரண்மேல் கவிழ்த்து வைத்திருந்த பெரிய பித்தளை அண்டாவை நிமிர்த்தி அதற்குள் போட்டு, மேலே கோணியைப் போட்டு மூடினாள். கல்யாணத்துக்குத்தான் அந்த அண்டாவை இறக்குவோம். கதை பிரசுரமானால்தான் கல்யாணம் என்று மாமா சொல்லியிருந்தபடியால் பயமில்லை. போடுவதற்கு முன்னால், சரஸ்வதியை அண்டாவில் அடைக்கிற பாவத்துக்குப் பரிகாரமாக, கதையின் முதல் பக்கத்து மூலையில் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நான் சீட்டைத் தவிர எதையும் பார்க்காமல் முக்காலியைப் பிடித்துக்கொள்வேன். அமாவாசை தோறும் கோயிலுக்குப் போய்த் தம்பிக்காகக் குளத்தில் வெல்லம் கரைத்தாள். மற்றவர்கள் நோய் கரையக் கரைப்பார்கள். அம்மா எது கரைய வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்டதில்லை.

கரண்ட் இல்லாத நாட்களில்தான் கண்டம். பட்டறை மூடிவிடும், மாமா வீட்டில் இருப்பார். அப்படி ஒருநாள், எனக்கும் பள்ளி விடுமுறை. மாமா முற்றத்துத் தூணில் கண்ணாடியை மாட்டி, முகமெல்லாம் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். மணிச் சத்தம் கேட்டது. வாசலில் தபால்காரர், கையில் தடித்த உறையோடு. மாமாவைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். மாமாவின் முதுகு எங்கள் பக்கம். நான் நடந்துபோனேன். ஓடினால் தெரிந்துவிடும் என்று மெதுவாக நடந்து, உறையை வாங்கிப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முற்றத்தில் மாமா சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

மாமா உற்சாகமாகிக்கொண்டே போனதுதான் இன்னும் பயமாக இருந்தது. கதை என்னவாயிற்று என்று யாராவது கேட்டால், "அவுங்ககிட்டதான் கீது, பாத்துக்கினு இருக்காங்க" என்பார். அவர் அப்படிச் சிரித்துச் சொல்லும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் பரணைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவேன்.

கோடை விடுமுறையில் ஒருநாள் மாமா சொன்னார்: "அக்கா, நாளைக்கு நானே மெட்ராஸ் போயி ஆபீஸ்ல கதைய நேர்ல குடுத்துட்டு வரேன்."

அம்மாவின் கையிலிருந்த சொம்பு நழுவியது. நேரில் போனால் சொல்லிவிடுவார்களே. எல்லாவற்றையும் அப்போதே திருப்பி அனுப்பிவிட்டோமே என்று சொல்லிவிடுவார்களே. வேண்டாம் என்றும் அம்மாவால் சொல்ல முடியவில்லை. ஏன் என்று கேட்பார். கடைசியில், "இவ மெட்ராஸே பாத்ததில்ல, இட்னு போ" என்று என்னைச் சேர்த்து அனுப்பினாள். எனக்குத் தலை பின்னிவிடும்போது காதோடு சொன்னாள்: "கைய வுடாதே. ரயிலு வர்றப்ப ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிக்க."

அப்படியாக, மாமாவின் உயிரைப் பிடித்துக்கொண்டு நான் முதல்முறையாக மெட்ராஸ் பார்த்தேன். எதையும் பார்த்ததாக நினைவில்லை.

பத்திரிகை அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. கண்ணாடி போட்ட உதவி ஆசிரியர் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். அவர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பிரம்புக் கூடைகள் நிறைய உறைகள். எத்தனை மாமாக்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாமா பெயரைச் சொல்லிக் கதையை நீட்டினார். அவர் முதல் பக்கத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஓ, குங்குமப் பொட்டுக்காரர் நீங்கதானா? எங்க ஆபீஸ்ல உங்களுக்கு அதான் சார் பேரு. முதல் தடவை கதை வர்றப்போ பொட்டு இருக்காது. நாங்க திருப்பி அனுப்பிச்சா, கொஞ்ச நாள்ல முடிவை மாத்தி எழுதி, அதே முதல் பக்கம் பொட்டோட வரும். கோயில்ல வெச்சு அனுப்பறீங்களா?"

நான் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் மூலையில் அம்மாவின் விரல் வைத்த குங்குமம். அண்டாவுக்குள் இருக்க வேண்டியது.

"கோயில்ல இல்லீங்க. எங்க அக்கா வெச்சது" என்றார் மாமா.

எனக்கு எல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. மாமாவுக்குத் தெரியும். தெரிந்தால் உயிரோடு இருக்க மாட்டான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மாமாவோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வழக்கம்போல உறை வைத்திருப்பதாகப் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உதவி ஆசிரியர் கதையை வாங்கிக் கூடையின் மேலாக வைத்தார்.

"பார்க்கறோம். வரலேன்னா மனசு விட்டுடாதீங்க."

திரும்பும் வழியெல்லாம் மாமாவின் கையை நான் விடவில்லை. ரயிலில் ஜன்னலோரம் அவரை விடாமல் நானே உட்கார்ந்தேன். வேப்பம்பட்டு தாண்டியது. இன்னும் கொஞ்ச நேரம், வீட்டுக்குப் போய்விட்டால் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். செவ்வாப்பேட்டையில் வண்டி நின்றதும் மாமா எழுந்தார்.

"எறங்கு. அடுத்த வண்டில போலாம்."

வண்டி போய்விட்டது. இறங்கியவர்களும் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் தண்டவாளமும் மட்டும் மிச்சம். தூரத்தில் கூவல் கேட்டது. எங்கும் நிற்காத மெயில் வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கைகளாலும் மாமாவின் கையைப் பிடித்து, பெஞ்சின் கால்மேல் என் காலை உந்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி எங்களைக் கடந்துபோக வெகுநேரம் ஆனது. புழுதி அடங்கியது. கை என் கையிலேயே இருந்தது.

"நெகம் பதியுது கண்ணு. வுடு. நான் எங்கியும் போவல" என்றார் மாமா.

அப்போதுதான் அழுதேன். அவர் அழவிட்டுவிட்டு, முறுக்கு விற்கிறவரைக் கூப்பிட்டு வாங்கிக் கொடுத்தார்.

"செரைக்கற கண்ணாடில வாசலு நல்லாத் தெரியும், தெரியுமா?" என்றார். "நீ கவரைப் பாவாடைல சொருகிக்கினு போன பாரு, அன்னிக்கிதான் பரண்ல ஏறிப் பாத்தேன். எனக்குக் கோவந்தான் வந்துச்சி. எல்லாத்தையும் கிழிச்சிப் போட்லாம்னு எடுத்தேன். ஒவ்வொண்ணுலயும் பொட்டு."

என் பாவாடையில் விழுந்திருந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டார்.

"உங்கம்மாவுக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. நான் எழுதினதுக்குப் பொட்டு வெச்சவ அவ ஒருத்திதான். அப்புறம் அதக் கிழிக்க வர்ல. முடிவை மாத்தி மாத்தி அனுப்பிக்கினு இருக்கேன். திரும்பி வந்தா இன்னா, அண்டா இருக்குது."

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மறுபடியும் பயந்துக்கினே இருப்பா. அவ ஒளிச்சி வெக்கட்டும்."

முறுக்கு தின்றதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. அதுவரை யாரும் மாமாவிடம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னிக்குக் குளத்துல செருப்பை வுட்டுட்டு எங்க மாமா போன?"

மாமா என் தலையில் கைவைத்தார்.

"தண்ணி அவ்ளோ ஜில்லுனு இருக்கும்னு நெனைக்கல. திரும்பி வந்துட்டேன்" என்றார்.

குளிக்க இறங்கியவர் ஜில்லிப்புக்குப் பயந்து ஏறிவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவும் சிரித்தார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். மாமாவை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள். "கதைய வாங்கி வெச்சிக்கினாங்கம்மா" என்றேன். பொய் இல்லை. கொஞ்ச நாளில் அந்தக் கதையும் திரும்பி வந்தது. நான் சீட்டைப் படித்தேன். அம்மா பழைய பொட்டின் மேலேயே இன்னொரு பொட்டு வைத்தாள், பார்த்தாளோ இல்லையோ. நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமெல்லாம் போய்விட்டிருந்தது. வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கோணியை இழுத்து மூடும் அம்மாவைப் பார்த்தால் பாவமாகவும், கொஞ்சம் அசட்டுத்தனமாகவும் இருந்தது. தண்ணீர் ஜில்லென்று இருந்ததற்காகவா இத்தனை பயம்?

குளிக்க இறங்குகிறவர் சட்டையோடு இறங்க மாட்டார் என்பது எனக்குத் தோன்ற வெகு காலமானது. அதற்குள் அண்டாவை மாமாவின் கல்யாணத்துக்கு இறக்கி, புளி போட்டுத் துலக்கி, சாம்பார் வைத்தாகிவிட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று செவ்வாப்பேட்டையில் மாமாவும் என்னோடு சேர்ந்து சிரித்ததால், அது சிரிக்கிற விஷயம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.