தலையாட்டியின் சட்டை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் உப்புக் கரிக்கும். கடற்காற்றில் துருவேறிய அந்தக் கம்பியில் வாயை வைத்தபடி வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது பத்து வயதில் எனக்கு ஒரு வியாதியாகவே இருந்தது. "இரும்பைத் திண்டு பசியாறுறாள்" என்று அம்மா ஏசுவார். அந்த ஜன்னலால் பார்த்தவற்றில் ஒன்றை முப்பது வருடங்களாக நான் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு, எழுத்தாளர் என்ற திமிரில், அதைக் கதையாக எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது.

எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்தவர் சிவம் அங்கிள். கொள்ளுப்பிட்டியில் ஏதோ கந்தோரில் கிளார்க் வேலை. ஐந்தரைக்கு வந்து, மேல் கழுவி, பிளேன்டீயோடு படிக்கட்டில் குந்தினாரென்றால் ஒழுங்கைப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரைச் சுற்றி இருப்போம். அவருடைய கதைகளில் நல்லவர்கள் சும்மா வந்து போவார்கள், கெட்டவர்களுக்குத்தான் சீவன். திருட வந்தவன், குழந்தை சிணுங்குவதைக் கேட்டு, மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிலை ஆட்டுவான். குழந்தை தூங்கியதும் மூட்டையையும் தூக்கிக்கொண்டுதான் போவான். "நல்லாத்தான் கள்ளனுக்கு வக்காலத்து வாங்கிறீர்" என்று அம்மா பகிடி பண்ணுவார். "கொலைகாரனும் காலமை எழும்பிப் பல்லு விளக்கத்தானே வேணும் அக்கா? அதைச் சொல்லாட்டிக் கதை பொய்யாப் போயிடும்" என்பார் அவர். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் பிற்காலத்தில் நான் எழுதவே தொடங்கினேன்.

கொழும்பில் தமிழர் குடியிருக்கப் பொலிஸ் பதிவுத் துண்டு வேண்டியிருந்த காலம் அது. ஒருநாள் பம்பலப்பிட்டிச் சந்தியில் வைத்து சிவம் அங்கிளைப் பிடித்துவிட்டார்கள். அம்மா நாள்தோறும் சோற்றுப் பார்சல் கட்டிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார். பார்சலை வாங்குவார்கள், ஆளைக் காட்டமாட்டார்கள். "போட்ட உடுப்போட அந்த மனிசன் எத்தினை நாளைக்கு இருக்கும்?" என்று அப்பாவின் இளநீலச் சட்டை ஒன்றையும் ஒருநாள் சோற்றோடு கொடுத்துவிட்டார். அதில் ஒரு பொத்தான் இல்லை. அவசரத்தில் கைக்கு அகப்பட்ட சிவப்பு நூலால் வேறொரு பொத்தானைத் தைத்திருந்தார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே, காலை எட்டு மணிக்கு, சுற்றிவளைப்பு. ஒழுங்கையின் இரண்டு வாசலிலும் ஜீப்புகள். ஆம்பிளைகள் எல்லாரும் வரிசையாக, எங்கள் ஜன்னலுக்குக் கை எட்டும் தூரத்தில். ஜீப்பிலிருந்து தலையில் சாக்கு மூடிய ஒருவரை இறக்கினார்கள்; கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. "தலையாட்டி" என்று ஒழுங்கை முழுவதும் முணுமுணுத்தது. பிடித்து அடித்து, மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கக் கொண்டுவருகிறவர்களுக்கு அதுதான் பெயர். அந்தச் சாக்கு யாருக்கு முன்னால் ஆடுகிறதோ அவர் லொறியில் ஏற வேண்டியதுதான். சாக்குக்குக் கீழே இளநீலச் சட்டை. சிவப்பு நூல். "அங்..." என்று நான் வாயெடுக்க, அம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. அவர் கண்ணும் அந்தச் சிவப்பு நூலிலேயே நின்றது; அம்மாவும் கண்டுவிட்டார் என்று விளங்கியது.

சாக்கு, வரிசையில் நின்ற என் அண்ணாவுக்கு முன்னால் வந்து நின்றது. அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. "மேயாத?" என்று, இவனா எனச் சிங்களத்தில் கேட்டான் அதிகாரி. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. சாக்கு ஆடவில்லை. அடுத்து நின்றவர் செல்வம், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து சந்தி லோண்டரியில் உடுப்பு அழுத்துபவர், இருபத்திரண்டு வயது மட்டில் இருக்கும். சாக்கு ஆடியது. யாரையாவது காட்டாமல் அந்த மனிதன் திரும்ப முடியாது என்பதை இப்போது நான் அறிவேன். அண்ணாவுக்குப் பக்கத்தில் நின்றதைத் தவிர செல்வம் ஒரு குற்றமும் செய்யவில்லை.

"நீ ஒண்டும் காணேல்லை, விளங்குதே?" என்றார் அம்மா. மறுநாளும் சிவம் அங்கிளுக்குப் பார்சல் கட்டினார். அன்றைக்குச் சோற்றுக்கு மேலே ஒரு முட்டையும் பொரித்து வைத்தார். ஜீப்பில் வந்தவர்கள் நீட்டிய எந்தத் துவக்குக்கும் பயப்படாத அளவுக்கு நான் அந்த முட்டைக்குப் பயந்தேன். சிவம் அங்கிளும் திரும்பி வரவில்லை, செல்வமும் வரவில்லை.

இதைத்தான் கதையாக்கினேன். சாக்குக்குள் வியர்க்கிற, தாயை நினைத்து அழுகிற ஒருவரை எழுதினேன். "தலையாட்டியையும் மனிசனாக் காட்டிப்போட்டியள்" என்று கூட்டங்களில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், நானும் குளிர்ந்து போனேன். செல்வத்துக்கு அந்தக் கதையில் ஒரே வரி: இடுப்பில் வெள்ளைச் சாரத்தோடு நின்ற சந்தி லோண்டரிக்காரரை ஏற்றிக்கொண்டு லொறி போனது.

அந்த ஒழுங்கையில் இன்று ஒரு வீடும் இல்லை, எல்லாம் மாடிக் குடியிருப்புகள். லோண்டரி இருந்த இடத்தில் போன் கடை. அந்தக் குடியிருப்புகளில் ஒன்றில்தான் இப்போது நான் இருக்கிறேன். போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள், நாற்பது வயதிருக்கும், கையில் என் புத்தகம். செல்வத்தின் தங்கை.

"காணாமப் போனவங்களுக்கான ஃபாரத்துல, கடைசியா என்ன உடுத்தியிருந்தாருன்னு கேட்டிருக்காங்க அக்கா. நாங்க தோட்டத்துல இருந்தோம், எங்களுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருசமா அம்மா அந்த எடத்த வெறுமையாத்தான் விட்டு வச்சிருந்தாங்க. ஒங்க கதைய வாசிச்சுக் காட்டினேன். வெள்ளைச் சாரம்னு எழுதச் சொல்லிட்டாங்க. அது நெசந்தானே?"

செல்வம் அன்று என்ன உடுத்திருந்தார் என்று நான் பார்க்கவே இல்லை. என் கண் முழுவதும் சாக்குக்குள் இருந்தவர் மேலேயே இருந்தது. வரியில் ஒரு நிறம் வேண்டியிருந்தது, போட்டேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வேன்! "கரை என்ன கலருன்னும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க அக்கா. அம்மாவுக்குக் கண்ணு தெரியாது, ஆனா அதத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"பச்சை" என்றேன். அவள் அதைப் போனில் எழுதிக்கொண்டாள்.