சகலையின் கூடத்து நாலு மின்விசிறி

மர வாத்தியாருக்கு வயிறு எரியத் தொடங்கியது மின்விசிறியில்தான். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் அவருடைய தச்சுக் கூடத்துக்கும் பக்கத்துத் தையல் கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர், சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஒரு நாள் காலை இழைப்புளியைக் கையில் எடுத்தவர் யதேச்சையாக ஜன்னல் பக்கம் திரும்பினார். தையல் கூடத்துக் கூரையில் நாலு புது மின்விசிறிகள், வெள்ளை வெளேரென்று, சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. இவர் கூடத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. சுற்றினால் இருமும், நிறுத்தினால் முனகும்.

வேறு யாருடைய கூடமாக இருந்தாலும் போனால் போகிறது என்று விட்டிருப்பார். அது சகலையின் கூடம். மனைவியின் தங்கச்சி புருஷன். அளவு டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு துணிக்கடை வாசலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவனை, நம்ம பையன்தான் சார் என்று சொல்லி நிலையத்தில் சேர்த்துவிட்டதே இவர்தான். சேர்த்துவிட்டவர் இன்னும் மரத்தூள் தட்டிக்கொண்டு நிற்கிறார். சேர்ந்தவன் தையல் பிரிவுக்குத் தலைவன், நிலையத்துக்குத் துணைத் தலைவன், வாசலில் கார்.

மர வாத்தியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அப்பா போன பிறகு மர அறுவை ஆலையில் தூள் அள்ளப் போனார். தூள் அள்ளிக்கொண்டே எந்த மரத்துக்கு எந்த வாசனை என்று மூக்கால் படித்தார். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் பார்த்துப் பார்த்துப் பிடித்த உளி. தலை நரைக்கும் முன்னே அந்த ஊரில் பாதிக் கதவுகள் அவர் கையால் மாட்டியவை. திறக்கும்போது சத்தம் போடாத கதவு எங்கேயாவது இருந்தால், இது அவர் கதவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நிலையம் தொடங்கியபோது சான்றிதழும் கையுமாக எத்தனையோ பேர் நின்றார்கள். பழைய தலைவர் அவர்களை விட்டுவிட்டு இவர் வீடு தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார். காசு கொடுத்தும் வரவில்லை, காலைப் பிடித்தும் வரவில்லை. கையைக் காட்டி வந்தவர்.

அப்படிப்பட்டவரிடம் படிக்கத்தான் ஆள் இல்லை. வந்து சேர்கிற பசங்களுக்கு முதல் மூன்று மாதம் இழைப்பு மட்டும்தான். இழைத்த பலகையில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். உறுத்தினால் திரும்ப இழைக்க வேண்டும். பாதிப் பேர் அந்த மூன்று மாதத்திலேயே ஓட்டம் எடுத்துவிடுவார்கள். மிஞ்சியது ஒன்பது பேர். சுவருக்கு அந்தப் பக்கமோ கணக்கில் அறுபது பேர். ஜன்னல் வழியாக இவர் எண்ணிப் பார்த்த எந்த நாளிலும் பதினைந்தைத் தாண்டியது இல்லை. கேட்டால், மீதிப் பேர் சாயங்கால வகுப்பு என்பான் சகலை. சாயங்காலம் நிலையத்தின் வாசல் கதவைப் பூட்டிச் சாவி கொடுப்பதே இவர்தான்.

ஆளுக்கு இவ்வளவு என்று துறை கொடுக்கிற உதவித்தொகை அறுபது பேருக்கும் வந்துகொண்டிருந்தது. இப்போதைய தலைவர் கையெழுத்துப் போட்டார், சகலை வாங்கினான். இது நிலையத்தில் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

இவரும் வெளியில் வாய் திறக்கவில்லை. வீட்டில் திறந்து பார்த்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "அவங்க வீட்ல துவைக்கிற மிஷின் வந்ததிலிருந்து நீங்க இப்படித்தான் பேசுறீங்க" என்றாள்.

"மிஷினுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லைன்னா விடுங்க. என் தங்கச்சி நல்லா இருந்தா உங்களுக்கு வயிறு எரியுது. அவ்வளவுதான்."

எரிந்தது உண்மைதான். அந்தக் காரின் ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், சாப்பிட்டது அப்படியே நெஞ்சில் நிற்கும். சகலை தலையில் இன்னும் ஒரு முடி நரைக்காதது, அவன் சட்டைக் கஞ்சி மொடமொடப்பு, அவன் சிரிக்கும்போது தெரிகிற பல் வரிசை, எல்லாமே அவரைக் குத்தின. திருட்டு மட்டும்தான் உறுத்துகிறது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல அவரால் முடியாது.

அப்புறம் தலையில் இடி விழுந்தது. ஒரு பிரிவில் பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் மூடலாம் என்று ஒரு விதி. தலைவர் அவரைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலே சொன்னார். தச்சுப் பிரிவை மூடிவிட்டு, நடுச்சுவரை இடித்து, இரண்டு கூடத்தையும் தையலுக்கே கொடுத்துவிடலாம் என்று யோசனை. துறையிலிருந்து தணிக்கை அதிகாரி வருகிறார். அவர் பார்த்துச் சரி என்றால் அடுத்த மாதமே வேலை தொடங்கிவிடும்.

இவருக்கு வயதாகிவிட்டது, இன்னொரு இடத்தில் போய் நிற்க முடியாது என்பது ஒரு பக்கம். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். தன் கூடத்தில், தான் போட்ட வேலை மேஜைகளை வெளியே வீசிவிட்டு, சகலை தையல் மிஷின் போட்டு உட்காருவான். மேலே இன்னும் நாலு மின்விசிறி மாட்டுவான். அதை நினைத்தபோதுதான் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

தணிக்கை நாள் அன்று ஊரில் ஆயத்த ஆடை ஆலைக்கு வார விடுமுறை. நிஜமாகவே படிக்க வருகிற பசங்களுக்குச் சகலை அன்று லீவு விட்டிருந்தான். காலையில் நிலையத்தின் பின்வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. பெண்களும் ஆண்களுமாகச் சாரி சாரியாக இறங்கி, சிரித்துப் பேசிக்கொண்டே தையல் கூடத்துக்குள் போனார்கள். யாரும் எங்கே உட்காருவது என்று கேட்கவில்லை. அவரவர் பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். மிஷின்கள் ஓடத் தொடங்கின. ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்த மர வாத்தியாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன வேகம், என்ன சீர். ஆலையில் தைக்கிறவர்களைக் கூட்டிவந்து, சேர்ந்து இரண்டு மாதமான மாணவர்கள் என்று காட்டப்போகிறான். போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும். மூடப்போகிற பிரிவு வாத்தியார் வயிற்றெரிச்சலில் உளறுகிறார் என்பார்கள்.

அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மா, தோளில் துணிப்பை, தேய்ந்த செருப்பு. முதலில் தையல் கூடம். தைத்த சட்டை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சகலை பக்கத்தில் நின்று, ரெண்டு மாசம்தான் மேடம் ஆச்சு, பசங்க ஆர்வமா கத்துக்கிறாங்க என்று குழைந்தான். அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்து தச்சுக் கூடம். தலைவரும் சகலையும் பின்னாலேயே வந்தார்கள். ஒன்பது பசங்களும் எழுந்து நின்றார்கள். ஐந்து மாதம் படித்த பையன் ஒருவன் செய்த ஸ்டூல் நடுவில் இருந்தது. அந்த அம்மா அதில் உட்கார்ந்தார். ஸ்டூல் முன்னும் பின்னும் ஆடியது.

"அண்ணன் தொட்டில் செய்யச் சொல்லிக்குடுத்திருக்கார் மேடம்" என்றான் சகலை.

தலைவர் சிரித்தார். செய்த பையனே சிரித்துவிட்டான். அந்த அம்மா முகத்திலும் ஒரு கோடு சிரிப்பு வந்து போனது. மர வாத்தியாருக்குக் காது மடல் சூடாகியது. நாலு மின்விசிறியும் காரும் துவைக்கிற மிஷினும் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறி வந்தன.

"ஆடத்தாம்மா செய்யும்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "கத்துக்கிறவன் செஞ்சது ஆடும். இன்னும் ரெண்டு மாசம் போனா அவனே காலைச் சீவி சரி பண்ணுவான். அந்தப் பக்கம் அறுபது பேர் இருக்காங்க. ஒருத்தர் தையல்கூடக் கோணலா இல்லையே. கத்துக்கிற இடத்துல ஒரு கோணல்கூட இல்லைன்னா, அங்க யாரும்மா கத்துக்கிறாங்க?"

இருமுகிற மின்விசிறி மட்டும் இருமியது.

சகலை பல் வரிசை தெரியச் சிரித்தான். "குடும்ப விஷயம் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்கு என்மேல எப்பவும் கொஞ்சம் வயித்தெரிச்சல். பிரிவை வேற மூடப்போறோம், அந்த வருத்தம்."

அந்த அம்மா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. "அப்படியா?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "ஆமாம்மா" என்றார். "வயித்தெரிச்சல்தான். நல்லாவே எரியுது. எரியுதுங்கறதுக்காக நான் பார்த்தது இல்லைன்னு ஆயிடாது."

அந்த அம்மா எழுந்து மறுபடியும் தையல் கூடத்துக்குப் போனார். மர வாத்தியார் ஜன்னலுக்கு ஓடினார். ஒன்பது பசங்களும் அவர் முதுகுக்குப் பின்னால் முட்டிக்கொண்டார்கள்.

முதல் வரிசையில் நடுவயதுப் பெண் ஒருத்தி காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அவள் பக்கத்தில் குனிந்து, இதே சட்டைக்குக் கையும் வைத்துக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் சட்டையைக் கையில் பிடித்தபடி விழித்தாள். பிறகு, அதில் என்ன தப்பு என்பது போல, இடது பக்கம் இருந்தவளிடம் நீட்டினாள்.

"கை வைக்கிறது அவங்கம்மா."

இடது பக்கத்துப் பெண் வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு கையும் வைத்து, பழக்கத்தில் தன் இடது பக்கம் தள்ளினாள். அங்கே ஒருவன் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தான். எடுத்துத் தள்ளினான். அடுத்தவள் பட்டன் வைத்தாள். ஆலையில் எந்த வரிசையில் உட்கார்ந்து தைக்கிறார்களோ, அதே வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு மாதிரி உட்காரத் தெரியாது. பயிற்சி நிலையத்தில் ஒரு ஆள் ஒரு முழுச் சட்டை தைக்கக் கற்க வேண்டும். அந்தக் கூடத்தில் வெட்டுவது முதல் பட்டன் வரை ஒரு சட்டையை முழுதாகத் தைக்கத் தெரிந்த ஒரே ஆள், சுவர் ஓரமாக வெளிறிப்போய் நின்ற சகலை மட்டும்தான்.

"எவ்வளவு நாளா காலர் தைக்கிறீங்க?" என்று அந்த அம்மா தன்மையாகக் கேட்டார்.

அந்தப் பெண் முகம் மலர்ந்தது. அவளிடம் வேலையைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "ஆறு வருஷமாம்மா. ஒரு காலர் திரும்பி வந்ததில்லை."

நிலையம் தொடங்கியே நாலு வருடம்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். தலைவரை வேறு எங்கோ தூக்கி அடித்தார்கள். சகலைக்கு வேலை போனது, வழக்கு வந்தது, காரும் போனது. வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லித் துறை உத்தரவு போட்டது. நடுச்சுவர் இடிபடவில்லை. தச்சுப் பிரிவு இருக்கட்டும் என்று அந்த அம்மா எழுதிவிட்டுப் போனார். விசாரணை முடியும் வரை தையல் கூடத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். நாலு மின்விசிறியும் உள்ளேயே தொங்கின. ஜன்னல் வழியாக அவை சும்மா நிற்பதைப் பார்க்கும்போது மர வாத்தியாருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றையாவது இந்தப் பக்கம் மாட்டியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

மனைவி அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சோறு வைப்பாள், தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான். ஒரு நாள் மச்சினி வந்து அக்காவிடம் அடுக்களையில் அழுதுவிட்டுப் போனாள். அதன் பிறகு மனைவி முதல் தடவையாக வாய் திறந்தாள். சகலை வீட்டு முன்னறையிலேயே தையல் கடை போடப்போகிறானாம். துணி வெட்ட மேஜை இல்லையாம்.

"நீங்கதான் செஞ்சு தரணும்" என்றாள். அது கேள்வி இல்லை.

ஏதோ ஒரு பலகையை அறைந்து கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். கை கேட்கவில்லை. இழைத்த பலகையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார், உறுத்தியது, திரும்ப இழைத்தார். காலுக்குக் கால் பிசிறு தட்டினார். ஒரு ஆணிகூட அடிக்காமல் பொருத்திச் செய்தார். ஆள் ஏறி ஆடினாலும் அசையாத மேஜை. சகலை வந்து தடவிப் பார்த்தான். இவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

கடை ஓடியது. அந்தக் காலர் பெண்ணையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டானாம், அவளுக்கு முழுச் சட்டையும் சொல்லிக்கொடுக்கிறானாம். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் மர வாத்தியார் வந்தார். வேறு வழி இருக்கிறது, ஆனாலும் அந்த வழியாகத்தான் வந்தார். கடையில் நின்ற வாடிக்கையாளர் மேஜையைத் தட்டிப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பது தெரு வரைக்கும் கேட்டது.

"வாங்கலைங்க. எங்க அண்ணன் செஞ்சது" என்றான் சகலை. "இந்த ஊர்ல இப்படி ஒரு கை கிடையாது."

மர வாத்தியார் நின்றார். மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால் என்ன என்றுகூட நினைத்து, படியில் ஒரு காலை வைத்தார். அப்போதுதான் கண் மேஜையை விட்டு மேலே போனது. புது மின்விசிறி. வெள்ளை வெளேரென்று சுற்றிக்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டார். சத்தமே இல்லை.

வைத்த காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.